ஷெல் ஸ்கிரிப்டில் இரண்டு தேதிகளுக்கு இடையே நாள் கணக்கு: ஒரு நாள் குறைகிறது, ஏன்?

புதிய_லாகின்:

பேக்கப் கோப்புகளின் பெயரிலேயே தேதி இருக்கிறது, 2024-03-09 என்கிற மாதிரி. அந்தத் தேதியிலிருந்து இன்றுவரை எத்தனை நாள் ஆகிறது என்று பாஷ் ஸ்கிரிப்ட் கணக்குப் போட்டு, 30 நாளைத் தாண்டியதை அழிக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. டேட் கமாண்டுக்கு மைனஸ் டி போட்டுத் தேதியைக் கொடுத்து, பிளஸ் பர்சென்ட் எஸ் மூலம் 1970 தொடக்கத்திலிருந்து ஓடிய நொடிகளாக வாங்கி, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து 86400-ஆல் வகுக்கிறேன். என் லேப்டாப்பில் எந்தத் தேதி கொடுத்தாலும் சரியாக வருகிறது. நியூயார்க் நேர வலயத்தில் இருக்கிற சர்வரில் மட்டும் 2024-03-09-க்கும் 2024-03-11-க்கும் இடையே 1 நாள் என்கிறது. 2 வர வேண்டாமா? இரண்டிலும் உபுண்டுதான், ஸ்கிரிப்டும் ஒன்றேதான். போனிலிருந்து எழுதுவதால் கோடை ஒட்ட முடியவில்லை, வாயால் சொல்கிற மாதிரியே சொல்லிவிட்டேன், மன்னிக்கவும்.

மூன்றாம்_ஷிஃப்ட்:

கோடைகால நேர மாற்றம், கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள். மார்ச் 10 அன்று அங்கே ஒரு நாளைக்கு 23 மணி நேரம்தான். யுடிசி, அதாவது உலகப் பொது நேரத்தில் கணக்குப் போடச் சொல்லும் மைனஸ் யூ சேர்த்துப் பாருங்கள்.

பழைய_டெர்மினல்:

மேலே சொன்னது சரி. ஆனால் மைனஸ் யூ போட்டதும் சரியாகிவிட்டது என்று அப்படியே போய்விட்டால் இது வேறொரு இடத்தில் திரும்ப முளைக்கும், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மார்ச் 9 நள்ளிரவிலிருந்து மார்ச் 11 நள்ளிரவு வரை அந்த வலயத்தில் உண்மையாகவே ஓடிய நேரம் 47 மணி, அதாவது 169200 நொடி. இதை 86400-ஆல் வகுத்தால் 1.958 வரும், ஆனால் பாஷுக்குத் தசமம் தெரியாது, புள்ளிக்குப் பின்னால் இருப்பதை வெட்டி எறிந்துவிட்டு 1 என்கிறது. இதே கணக்கை 2024-11-02-க்கும் 2024-11-04-க்கும் போட்டால் 49 மணி, 176400 நொடி, வகுத்து வெட்டினால் 2. விடை சரி. அங்கேயும் ஒரு மணி நேரம் பிசகுகிறது, அது கூடுதலாக இருப்பதால் வெட்டும்போது காணாமல் போய்விடுகிறது. அதனால்தான் இலையுதிர்காலத்தில் சோதித்துப் பார்த்தவர்கள் எல்லாம் ஸ்கிரிப்ட் நன்றாக ஓடுகிறது என்று நம்பிக்கொண்டிருப்பார்கள்.

இன்னொன்று, இந்தத் தவறு அந்த ஒரு வாரக்கடைசியோடு முடிவதில்லை. தொடக்கத் தேதி மார்ச் மாற்றத்துக்கு முன்னால், முடிவுத் தேதி அதற்குப் பின்னால் நவம்பர் மாற்றம் வரும் முன் என்றால், பிப்ரவரி 1 முதல் ஜூலை 1 வரை என்று கேட்டால்கூட ஒரு நாள் குறைந்துதான் வரும். நேர மாற்றமே இல்லாத வலயத்தில் உங்கள் லேப்டாப் இருந்திருக்கும், அதனால்தான் அங்கே தெரியவில்லை.

அடிப்படையில் இரண்டு வேறு கேள்விகளை ஒரே கழித்தலில் அடைக்கிறோம். "எவ்வளவு நேரம் ஓடியது" என்பது நொடிக் கணக்கு. "காலண்டரில் எத்தனை தேதி தள்ளி இருக்கிறது" என்பது நாள் கணக்கு. உங்களுக்கு வேண்டியது இரண்டாவது. அதற்கு எல்லா நாளும் சரியாக 86400 நொடி இருக்கிற ஒரு வலயம் வேண்டும், அது யுடிசி. பூமியின் சுழற்சியோடு ஒத்துப்போக எப்போதாவது கூட்டுகிற லீப் நொடிகூட யூனிக்ஸ் கணக்கில் சேராது. 1972-லிருந்து 2016 முடிய 27 லீப் நொடி சேர்த்திருக்கிறார்கள், எபாக் எண்ணிக்கையில், அதாவது 1970 தொடக்கத்திலிருந்து எண்ணுகிற அந்த நொடிகளில், அவற்றில் ஒன்றுகூட இல்லை. நமக்கு நல்லதாகப் போயிற்று.

ஆனால் ஒன்று கவனியுங்கள். "இன்று" என்பதையும் மைனஸ் யூ போட்டு எடுக்காதீர்கள். சர்வரில் இரவு 9 மணி என்றால் யுடிசியில் தேதி ஏற்கெனவே நாளைக்குத் தாவியிருக்கும். முதலில் உள்ளூர் வலயத்திலேயே இன்றைய தேதியை ஆண்டு-மாதம்-நாள் என்று வெறும் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள், பர்சென்ட் பெரிய எஃப் போதும். அப்புறம் அந்த எழுத்தையும் பழைய தேதியையும் இரண்டாவது சுற்றில் மைனஸ் யூவோடு நொடியாக்கிக் கழியுங்கள்.

பைப்லைன்:

மைனஸ் யூ எல்லாம் எதற்கு, இரண்டு தேதியோடும் நண்பகல் 12:00 சேர்த்துவிட்டால் போதாதா? பல இடங்களில் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள்.

பழைய_டெர்மினல்:

போதாது. மார்ச் 9 நண்பகலிலிருந்து மார்ச் 11 நண்பகல் வரையும் அதே 47 மணி நேரம்தான், போட்டுப் பாருங்கள். நண்பகல் வித்தை வேறொரு நோய்க்கான மருந்து: சில வலயங்களில் நேர மாற்றம் நள்ளிரவிலேயே நடக்கும், அன்று 00:00 என்கிற நேரமே கிடையாது. பிரேசிலின் சாவ் பாலோ வலயத்தை வைத்துக்கொண்டு, லினக்ஸில் வழக்கமாக இருக்கிற குனூ டேட்டிடம் 2018-11-04 என்று மட்டும் கொடுத்தால் தேதியே செல்லாது என்று திட்டும். அங்கே 12:00 சேர்த்தால் பிழைத்துக்கொள்ளலாம். கழித்து வகுக்கும் கணக்கில் உள்ளூர் நேரத்தைத்தான் பயன்படுத்துவேன் என்று அடம்பிடித்தால், வகுக்கும் முன் வித்தியாசத்தோடு 43200 கூட்டிக்கொள்ளுங்கள், வெட்டுவதற்குப் பதில் முழுமையாக்கியது போல் ஆகிவிடும். வித்தியாசம் மைனஸில் வந்தால் கூட்டக் கூடாது, கழிக்க வேண்டும், ஏனென்றால் பாஷ் சுழியத்தை நோக்கி வெட்டும். இதற்கு யுடிசி சுலபம்.

வெற்றிடம்:

மேக் வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால்: உங்கள் டேட் பிஎஸ்டி என்கிற வேறொரு யூனிக்ஸ் வழி வந்தது, மைனஸ் டி அங்கே இந்த வேலையைச் செய்யாது. யூனிக்ஸ் கமாண்டுகளுக்கான பொதுத் தரமான பாசிக்ஸிலும் அந்த ஆப்ஷன் கிடையாது, குனூ தானாகச் சேர்த்துக்கொண்டது அது. மேக்கில் மைனஸ் ஜே, மைனஸ் எஃப் போட்டு முதலில் வடிவத்தையும் பிறகு தேதியையும் கொடுக்க வேண்டும்.

அதில் ஒரு குழி இருக்கிறது. வடிவத்தில் ஆண்டு, மாதம், நாள் மட்டும் கொடுத்தால் மணி, நிமிடம், நொடி மூன்றையும் இப்போது கடிகாரத்தில் என்ன இருக்கிறதோ அதிலிருந்து எடுத்து நிரப்பிவிடும். குனூ மாதிரி நள்ளிரவு என்று வைத்துக்கொள்ளாது. இப்போது ஸ்கிரிப்ட் முதலில் புதிய தேதியை 10:15:59-க்கு நொடியாக்குகிறது, அடுத்த வரிக்கு வருவதற்குள் முள் நகர்ந்து பழைய தேதி 10:16:00 என்று ஆகிவிட்டது என்று வையுங்கள். இரண்டு நாள் வித்தியாசம் 172800-க்குப் பதில் 172799. வகுத்து வெட்டினால் 1. எப்போதாவது ஒரு முறை மட்டும் தப்பு விடை வரும், திரும்ப ஓட்டினால் சரியாக வரும், பேய் பிடித்த மாதிரி இருக்கும். இதைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் தலைமுடி உதிர்ந்துவிடும். வடிவத்திலும் தேதியிலும் 00:00:00 வெளிப்படையாக எழுதுங்கள், மைனஸ் யூவும் சேருங்கள்.

அரை_கோலன்:

இவ்வளவு கஷ்டம் எதற்கு என்று புரியவில்லை. பைத்தானில் இரண்டு தேதியைக் கழித்தால் நாள் எண்ணிக்கை வந்துவிடும், ஒரே வரி. ஷெல்லில் தேதிக் கணக்குப் போடுவதே வேண்டாத வேலை.

நள்ளிரவு_க்ரான்:

பைத்தான் இருந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம், யார் வேண்டாம் என்றது. சின்னக் கண்டெய்னர் இமேஜுக்குள் பைத்தானும் இருக்காது, பெர்லும் இருக்காது, பல கமாண்டுகளைச் சுருக்கி அடக்கிய பிஸிபாக்ஸின் டேட் மட்டும் இருக்கும், அது புரிந்துகொள்கிற வடிவங்களும் கொஞ்சம்தான். அந்த மாதிரி இடத்தில் வெளிக் கமாண்ட் எதையும் நம்பாமல் ஷெல்லின் முழு எண் கணக்கிலேயே முடித்துவிடலாம். நான் எல்லா இடத்திலும் வைத்திருப்பது இதுதான்:

மார்ச்சை ஆண்டின் முதல் மாதமாக வைத்துக்கொள்ளுங்கள். அப்படி வைத்தால் பிப்ரவரி 29 ஆண்டின் கடைசி நாளாகப் போய்விடும், லீப் ஆண்டு தொல்லை தானாக அடங்கிவிடும். மாதம் 3 அல்லது அதற்கு மேல் என்றால் மாதத்திலிருந்து 3 கழியுங்கள். ஜனவரி, பிப்ரவரி என்றால் மாதத்தோடு 9 கூட்டி ஆண்டில் 1 குறையுங்கள். அப்புறம்:

365 * ஆண்டு + ஆண்டு/4 - ஆண்டு/100 + ஆண்டு/400 + (153 * மாதம் + 2)/5 + நாள் - 1

வகுத்தல் எல்லாம் முழு எண் வகுத்தல். அந்த 153 எங்கிருந்து வந்தது என்றால், மார்ச்சிலிருந்து எண்ணினால் 31, 30, 31, 30, 31 என்று ஐந்து மாதத்துக்கு ஒரு சுற்று திரும்பத் திரும்ப வரும், கூட்டினால் 153.

சரிபார்க்க: 2024-02-28-க்கு 739249 வரும், 2024-03-01-க்கு 739251. வித்தியாசம் 2, நடுவில் 29 இருக்கிறது, சரி. 1970-01-01-க்கு 719468 வரும், அதை 739251-லிருந்து கழித்தால் 19783, அதை 86400-ஆல் பெருக்கினால் 1709251200, டேட் கமாண்ட் யுடிசியில் 2024-03-01-க்குச் சொல்கிற அதே எண். மாறிகளின் பெயரை ஷெல்லில் தமிழில் வைக்க முடியாது, எழுதும்போது மாற்றிக்கொள்ளுங்கள்.

புதிய_லாகின்:

அட, இது அழகாக இருக்கிறது. எழுதிப் பார்த்தேன், ஜூலை வரை ஓடுகிறது, ஆகஸ்ட் கோப்பு வந்ததும் எண்ணின் அடிமானத்துக்கு மதிப்பு பெரிதாக இருக்கிறது என்கிற மாதிரி எர்ரர் அடித்து நின்றுவிடுகிறது. செப்டம்பரும் அப்படியே. அக்டோபர் ஓடுகிறது!

நள்ளிரவு_க்ரான்:

முன்னால் 0 இருந்தால் பாஷ் அதை எட்டடிமான எண் (0 முதல் 7 வரை இலக்கங்கள் மட்டும் உள்ளது) என்று எடுத்துக்கொள்ளும். 01 முதல் 07 வரை எப்படி எடுத்தாலும் ஒரே மதிப்பு, அதனால் தெரியாது. 08, 09 இரண்டும் எட்டடிமானத்தில் இல்லவே இல்லை. மாதத்துக்கும் நாளுக்கும் முன்னால் 10# சேருங்கள், பத்தடிமானம் என்று புரிந்துகொள்ளும். அதாவது 10#08 என்றால் 8. இது பாஷுக்குத்தான், டேஷ் மாதிரி சின்ன ஷெல்லில் 10# கிடையாது, அங்கே முன்னால் இருக்கிற 0-வை எழுத்தாக வெட்டி எடுத்துவிட வேண்டும். மாதத்தைவிட நாளில்தான் இது அதிகம் கடிக்கும், ஒவ்வொரு மாதமும் 8, 9 தேதிகளில் மட்டும் ஸ்கிரிப்ட் படுத்துக்கொள்ளும்.

மூன்றாம்_ஷிஃப்ட்:

எல்லோரும் நாளை எண்ணிக்கொண்டே இருக்கிறீர்கள், அவருக்கு நாள் எண்ணிக்கையே வேண்டாமே? 30 நாளுக்கு முந்தைய தேதி எது என்று ஒரு முறை கேட்டு வாங்கிக்கொண்டு (டேட்டிடம் நண்பகல் 12:00 சேர்த்து "30 நாள் முன்பு" என்று கேட்டால் போதும், இங்கேதான் அந்த நண்பகல் உதவும்), கோப்புப் பெயரில் இருக்கிற தேதியை அதோடு எழுத்தாகவே ஒப்பிடலாம். ஆண்டு-மாதம்-நாள் வடிவத்தில் அகரவரிசையும் கால வரிசையும் ஒன்றுதான். கழித்தலும் இல்லை, வகுத்தலும் இல்லை, 08-ம் இல்லை. பாஷின் இரட்டைச் சதுர அடைப்புக்குள் சிறிது குறி போட்டால் முடிந்தது வேலை.

பைப்லைன்:

அதைவிட ஃபைண்ட் கமாண்டில் மைனஸ் எம்டைம் பிளஸ் 30 போட்டு டெலீட் கொடுத்துவிடலாமே?

மூன்றாம்_ஷிஃப்ட்:

அது கோப்பு கடைசியாக மாறிய நேரத்தைப் பார்க்கும், பெயரில் இருக்கிற தேதியைப் பார்க்காது. நேரத்தைப் பாதுகாக்காமல் வேறு டிஸ்குக்கு நகலெடுத்தால் எல்லாக் கோப்பும் ஒரே நாளில் பிறந்த மாதிரி ஆகிவிடும். போதாததற்கு அது 24 மணி நேரக் கட்டுகளாக எண்ணிப் பின்னத்தை உதிர்த்துவிடும், அதனால் பிளஸ் 30 என்றால் உண்மையில் முழுதாக 31 நாள் ஆன கோப்பிலிருந்துதான் பிடிக்கும். தெரிந்து போட்டால் சரி.

பழைய_டெர்மினல்:

ஒப்பிடுகிற வழி எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் அழிக்கிற ஸ்கிரிப்ட் என்பதால் எந்த வழியில் போனாலும் ஒன்று செய்தே ஆக வேண்டும். கோப்புப் பெயர் கொஞ்சம் வேறு மாதிரி இருந்து தேதி கிடைக்கவில்லை என்று வையுங்கள். புரியாத எழுத்து போனால் டேட் பிழைச் செய்தியை மட்டும் திரையில் துப்பிவிட்டு வெறுமையைத் திருப்பித் தரும். பாஷின் கணக்கு அடைப்புக்குள் டாலர் குறி இல்லாமல் மாறியின் பெயரை மட்டும் எழுதியிருந்தால் அந்த வெறுமைக்கு மதிப்பு 0. எபாக்கில் 0 என்றால் 1970 ஜனவரி 1. உங்கள் கோப்புக்கு வயது ஐம்பது ஆண்டுக்கு மேல் என்று ஆகிவிடும், 30 நாளைத் தாண்டிவிட்டது, அழி! எழுத்தாக ஒப்பிட்டாலும் இதே கதிதான், வெறும் எழுத்துக்கோவை எந்தத் தேதியையும்விடச் சிறியது. நேற்று எடுத்த பேக்கப்பாக இருந்தாலும் போய்விடும்.

அதனால் முதலில் நான்கு இலக்கம், கோடு, இரண்டு இலக்கம், கோடு, இரண்டு இலக்கம் என்று பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தாத கோப்பைத் தொடாமல் பெயரை மட்டும் லாகில் எழுதிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். ஒரு நாள் கூடுதலாக ஒரு கோப்பு கிடந்தால் யாரும் சாகப்போவதில்லை.

அரை_கோலன்:

வந்ததற்கு என் கேள்வியையும் கேட்டுவிடுகிறேன். ஸ்கிரிப்ட் எவ்வளவு நேரம் ஓடியது என்று கடைசியில் மணி:நிமிடம்:நொடி என்று காட்ட வேண்டும். தொடக்கத்திலும் முடிவிலும் பர்சென்ட் எஸ் எடுத்துக் கழித்து, வருகிற நொடியை அட் குறி போட்டு டேட்டிடமே கொடுத்து பர்சென்ட் பெரிய டி என்று அச்சிடுகிறேன். 40 நொடி ஓடிய ஸ்கிரிப்ட் 05:30:40 என்கிறது.

வெற்றிடம்:

மைனஸ் யூ இல்லை, அதுதான். நீங்கள் கொடுத்தது கால அளவு, டேட் அதை 1970-இல் ஒரு நேரமாக எடுத்துக்கொண்டு உங்கள் வலயத்துக்கு மாற்றிக் காட்டுகிறது. மைனஸ் யூ போட்டால் 00:00:40 வரும். அதோடு நிறுத்தாதீர்கள், ஸ்கிரிப்ட் 25 மணி நேரம், அதாவது 90000 நொடி ஓடினால் அது 01:00:00 என்று காட்டும், ஒரு முழு நாளை விழுங்கிவிடும். நொடியை 3600-ஆல் வகுத்து மணி, மீதியை 60-ஆல் வகுத்து நிமிடம் என்று நீங்களே பிரித்து, பிரின்ட்எஃப் கொண்டு இரண்டு இலக்கமாக அச்சிடுவதுதான் ஒழுங்கு.

இன்னும் ஒன்று: பர்சென்ட் எஸ்ஸுக்காக ஒவ்வொரு தடவையும் டேட்டைக் கூப்பிட வேண்டாம். பாஷ் 5.0-இலிருந்து எபாக்செகண்ட்ஸ் என்று ஒரு மாறி உள்ளேயே இருக்கிறது, 4.2-இலிருந்து பிரின்ட்எஃப்பே நேரத்தை அச்சிடும். ஓடிய நேரம் மட்டும் போதும் என்றால் செகண்ட்ஸ் என்கிற மாறி ரொம்பப் பழையது, அதில் 0 வைத்துவிட்டு முடிவில் படித்தால் போதும். ஆனால் இவை மூன்றுமே சுவர்க் கடிகாரத்தை நம்பித்தான் இருக்கின்றன. நடுவில் நெட்வொர்க் வழியே கடிகாரத்தைச் சரிசெய்யும் என்டிபி வந்து நேரத்தைப் பின்னால் தள்ளினால் ஓடிய நேரம் மைனஸில்கூட வரலாம். லினக்ஸில் ப்ராக் அடைவில் அப்டைம் கோப்பின் முதல் எண்ணை இரண்டு முறை படித்துக் கழித்தால் அந்தப் பயம் இல்லை, யார் கடிகாரத்தைத் திருகினாலும் அது முன்னால்தான் போகும்.

பைப்லைன்:

மாதக் கணக்கு? ஒரு தேதியிலிருந்து சரியாக ஒரு மாதம் என்று வேண்டும்.

பழைய_டெர்மினல்:

"சரியாக ஒரு மாதம்" என்று ஒன்று கிடையாது, அதை முதலில் நீங்களே முடிவு செய்ய வேண்டும். குனூ டேட்டிடம் 2024-01-31 அன்று ஒரு மாதம் கூட்டச் சொன்னால் 2024-03-02 என்று சொல்லும். பிப்ரவரி 31 என்று போய், அது இல்லாததால் இரண்டு நாள் வழிந்து மார்ச்சில் விழுகிறது. பிப்ரவரி கடைசி நாள் வேண்டும் என்றால் மார்ச் 1-லிருந்து ஒரு நாள் கழிக்க வேண்டும். முந்தைய மாதத்தின் பெயர் மட்டும் வேண்டும் என்றால் மாதத்தின் 15-ஆம் தேதியிலிருந்து கழியுங்கள், குனூ கையேடே அப்படித்தான் சொல்கிறது.

முழு ஆண்டுகள், அதாவது வயது மாதிரி வேண்டும் என்றால் குறுக்கு வழி ஒன்று உண்டு. கோடுகளை நீக்கிவிட்டு இரண்டையும் எட்டு இலக்க எண்ணாகக் கழித்து 10000-ஆல் வகுங்கள். 20240310 - 19900515 = 339795, வகுத்தால் 33. பிறந்த நாள் இன்னும் வரவில்லை, அதனால் 33 சரி. அதே எண்ணிலிருந்து மாதத்தையும் நாளையும் பிரித்தெடுக்கப் பார்க்காதீர்கள், அதற்கு அர்த்தம் இல்லை.

மணியோடு சேர்த்துக் கூட்டிக் கழிப்பவர்களுக்கு: "2024-03-10 10:00:00 - 5 மணிகள்" என்கிற வாக்கில் குனூ டேட்டுக்குக் கொடுத்தால் அந்த மைனஸ் 5-ஐ அது நேர வலயம் என்று எடுத்துக்கொள்ளும், மிச்சம் நிற்கிற "மணிகள்" என்பதை ஒரு மணி கூட்டு என்று படிக்கும். யுடிசியில் 05:00 வரும் என்று எதிர்பார்ப்பீர்கள், 16:00 வரும். எர்ரர் எதுவும் காட்டாது. நேரத்துக்குப் பின்னால் யுடிசி என்று எழுதி வலயத்துக்குரிய இடத்தை நிரப்பிவிடுங்கள், அல்லது "5 மணி முன்பு" என்கிற வடிவில் கேளுங்கள். சந்தேகம் என்றால் டீபக் ஆப்ஷன் போட்டால் எதை எப்படிப் படித்தது என்று வரி வரியாகச் சொல்லும்.

புதிய_லாகின்:

எல்லோருக்கும் நன்றி. மூன்றாம் ஷிஃப்ட் சொன்ன ஒப்பீட்டு வழிக்கே மாறிவிட்டேன், வடிவச் சோதனையும் சேர்த்தாயிற்று. கையால் ஓட்டினால் பிரமாதம். லாக் கோப்பின் பெயரில் தேதி வேண்டும் என்பதற்காக குறித்த நேரத்தில் தானாக ஓட வைக்கும் க்ரானின் பட்டியலான க்ரான்டாப் வரியிலேயே ஒரு டேட் வைத்திருக்கிறேன், அந்த வரி மட்டும் க்ரானில் ஓடவே மாட்டேன் என்கிறது. மேற்கோள் குறி மூடவில்லை என்று மெயில் வருகிறது. மூடித்தான் இருக்கிறேன், நூறு தடவை பார்த்துவிட்டேன்.

நள்ளிரவு_க்ரான்:

க்ரான்டாப்பில் பர்சென்ட் குறிக்குத் தனி அர்த்தம். முதல் பர்சென்டோடு கமாண்டை முடித்துவிட்டு, அதற்குப் பின்னால் இருப்பதை எல்லாம் உள்ளீடாக ஊட்டிவிடும். உங்கள் மூடும் மேற்கோள் அந்தப் பக்கம் போய்விட்டது. ஒவ்வொரு பர்சென்டுக்கும் முன்னால் பின்சாய்வுக் கோடு போடுங்கள், அல்லது தேதி எடுப்பதை ஸ்கிரிப்டுக்குள்ளேயே தள்ளிவிட்டு க்ரான்டாப்பில் ஸ்கிரிப்டின் பெயரை மட்டும் வையுங்கள். அப்படியே க்ரான் எந்த நேர வலயத்தில் ஓடுகிறது என்றும் ஒரு தடவை அச்சிட்டுப் பார்த்துவிடுங்கள், உங்கள் டெர்மினலில் நேர வலயத்தைச் சொல்லும் டீஸட் மாறியை வைத்திருந்தால் அது க்ரானுக்குப் போகாது.

புதிய_லாகின்:

உள்ளே தள்ளிவிட்டேன், ஓடுகிறது.